வியாழக்கிழமைக் கண்

மிச்சம் இருந்தது ஒரே ஒரு புள்ளி. காசிமேட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பின் பக்கவாட்டுச் சுவரில், நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம். நெற்றி முடிந்தாயிற்று, மூக்கு முடிந்தாயிற்று, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு, கழுத்து மடிப்பு, காதோரத்து நரைமயிர் நாலு வரைக்கும் வந்தாயிற்று. இனி இந்தக் கண்ணின் கருமணிக்குள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டால் முகம் விழித்துக்கொள்ளும், சாயந்தரம் ஐந்து மணிக்கு, இந்தச் சுவரை வரையக் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து பத்ரி வந்து படம் எடுப்பார், சுவரின் கீழ்மூலையில் இந்துஜா என்று எழுதிக்கொள்ளலாம், இருபத்து நாலு வயதில் தன் பெயர் போட்ட முதல் சுவர், வேறு யார் பெயருக்கும் அடியில் ஒளிந்துகொள்ளாத சுவர். இந்துஜா பிரஷை வெள்ளையில் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்து, கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத்தானா கடல்காற்று அடிக்க வேண்டும்? வெயிலுக்கு மறைப்பாகச் சாரத்தின் நடுவில் அவள் கட்டித் தொங்கவிட்டிருந்த தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்துகொண்டு படபடவென்று மேலே போயிற்று. அதற்கு அந்தப் பக்கம், இரண்டு நாளாக அவள் கண்ணில் படாமல் இருந்த இன்னொரு கண் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வரைந்த கண். அதில் அன்றைக்கே வைத்த வெள்ளைப் புள்ளியும் தெரிந்தது, அவள் உச்சந்தலைக்கு மேலே. புதன்கிழமை தொடங்கி இன்றைக்கு, வியாழக்கிழமை, முடித்த இந்தக் கண்ணிலோ, புள்ளி வைக்கத் தூக்கிய கை அவள் நெற்றிக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. பிரஷிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை பலகையில் விழுந்தது. கீழே குனிந்து பார்க்கவில்லை. இருபத்தோரு அடிக்குக் கீழே தெரு இருக்கிறது.

முதலில் தோன்றியது சாரம் இறங்கிவிட்டது என்பதுதான். இந்தப் பக்கத்துக் கால் மண்ணில் புதைந்து, பலகை சரிந்து, தான் சரிந்து நிற்கிறோம், அதனால்தான் அந்தக் கண் மேலே தெரிகிறது. அநியாயத்தைக் கேளுங்கள், அப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சாரம் சரிந்தால் விழலாம், கை கால் போகலாம், பெல்ட்டில் தொங்கலாம், தீயணைப்பு வண்டி வரலாம், பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். கண் தப்பானால் ஐயோ பாவம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? பலகையில் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தாள். உருளவில்லை. சனியன், உருண்டிருக்கக் கூடாதா? அப்புறம் ஞாபகம் வந்தது, புதன்கிழமை பலகையை இந்தப் பக்கம் மாற்றினபோது இங்கே சாரக் குழாய் ஒரு அடி கீழேதான் பூட்டியிருந்தது, அதன்மேலேயே பலகையைப் போட்டுக்கொண்டாள், ஆகவே ஒரு அடி கீழே நிற்கிறாள், ஆகவே அந்தக் கண் ஒரு அடி மேலே தெரிகிறது. அட, இவ்வளவுதானா. இதுக்குப் போயா. மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. பலகை ஒரு அடி கீழே, சரி. கண்ணுக்கு இடம் எண்ணினது எங்கேயிருந்து? சுண்ணாம்பு நூல் அடித்து, ஒரு அடிக்கு ஒரு அடி சுவர் முழுக்கக் கட்டம் போட்டிருந்தாள், கண் வர வேண்டியது இருபத்தேழாவது கோட்டில். செவ்வாய்க்கிழமை பலகை இருபத்திரண்டில் இருந்தது, அங்கேயிருந்து ஐந்து கோடு எண்ணி அந்தக் கண்ணை வைத்தாள். புதன்கிழமையும் பலகையிலிருந்து ஐந்து கோடுதான் எண்ணினாள். பலகைதான் ஒரு அடி கீழே. அப்படியென்றால். இல்லை. இல்லவே இல்லை, எங்கேயோ சரி பண்ணியிருப்பேன், நான் அவ்வளவு மடச்சி இல்லை. கோடுகள் நிறத்துக்கு அடியில் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. தரைவரைக்கும் எண்ணினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும். எண்ணாதே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணாத வரைக்கும் அது தப்பு இல்லை.

தரையிலிருந்து எண்ணணும். ரூபனின் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வருஷம் அவனிடம் வேலை பார்த்தாள், பெரிய சுவரோவியக்காரன், அவன் ஆட்கள் மேலே நிற்பார்கள், அவன் கீழே தெருவில் நின்றுகொண்டு போனில் கத்துவான், மேல போ, இடது பக்கம், இன்னும், நிறுத்து. யார் பலகையிலிருந்து எண்ணினாலும் வசவுதான். "மேல நிக்கிறவங்களுக்குக் கண்ணு கெடையாது, தெரிஞ்சுக்க. கீழ நிக்கிறவன்தான் கண்ணு." சொல்லிவிட்டுச் சிரிப்பான். முகமெல்லாம் அவர்கள் வரைவார்கள், கடைசியில் கருமணிக்குள் அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் அவன் ஏறிவந்து வைப்பான், வேறு யாரையும் தொட விடமாட்டான், புள்ளி வைத்த கையோடு கையெழுத்தும் போடுவான். ஒருமுறை அவன் வரத் தாமதமாயிற்று, இந்துஜா தானே புள்ளியை வைத்துவிட்டாள், அவன் வந்து அதைக் கறுப்பால் அழித்துவிட்டு, அதே இடத்தில், மயிரிழை மாறாமல் அதே இடத்தில், தான் ஒரு புள்ளி வைத்தான். அன்றைக்கே விட்டுவிட்டாள். போகிறேன் என்றபோது அவன் திட்டியிருந்தால் தேவலை. "பாக்கலாம்" என்றான், அவ்வளவுதான். அந்தப் பாக்கலாம் ஏழு மாதமாக அவளோடு பஸ்ஸில் வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காருகிறது. இந்தச் சுவர் கிடைத்ததும் பத்ரி, கீழே நின்று பார்க்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்களேன் என்றார், கல்லூரித் தோழிகூட வருகிறேன் என்றாள். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்றாள் இந்துஜா. நாளைக்கு எவளாவது, நான் கீழே நின்று சொன்னேன், அவள் வரைந்தாள் என்று சொல்லிவிட்டால்? திமிர். வேறு என்ன பெயர் சொல்வது அதற்கு?

சரி, ஆள்தான் இல்லை, தானாவது இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இறங்கிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் நின்று நிமிர்ந்ததும் மூக்குத்தான் கண்ணில் பட்டது, ஒரு பக்கம் கொஞ்சம் தடித்த மாதிரி. ராத்திரி முழுக்க அந்த மூக்கு நெஞ்சின்மேல் கிடந்தது. காலையில் சரிபண்ணிவிட்டாள், பெரிய விஷயமே இல்லை, ஆனால் அன்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தாள், முடிகிற வரைக்கும் பார்ப்பதில்லை. சாயந்தரம் ஏணியில் இறங்குவாள், பையை மாட்டுவாள், செருப்பைப் பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடப்பாள், ஒரு தடவை திரும்பமாட்டாள். தன் சுவரைத் தானே பார்க்கப் பயந்த ஓவியக்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் தெருவுக்கு என்ன பயம், தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நேற்று ஆட்டோ நிறுத்தத்தில் சிரித்தார்களே, அது எதற்கு? பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்களே, தலையை ஏன் சாய்க்க வேண்டும்? அப்போது பெருமையாக இருந்தது, அழகாக இருப்பதால் சாய்க்கிறார்கள் என்று. கடவுளே. தனபாக்கியம் அக்காகூட. எதிர்ச்சாரியில் மீன் விற்கிற தனபாக்கியம், அவள் முகம்தான் இந்தச் சுவரில் இருப்பது. மூன்று நாள் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்து எடுத்தாள் இந்துஜா, அவள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே, என் மூஞ்சில இன்னா கீதுன்னு இப்டிப் பாக்குற, சினிமாக்காரி எவளையாவது வரையேன் என்று வெட்கப்பட்டாள், ஆனாலும் மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தாள். தினமும் ஏணியில் இறங்கும்போது, பாத்து எறங்கு கண்ணு என்று ஒரு குரல் கொடுப்பாள். நேற்றுக் கொடுக்கவில்லை. நேற்று இந்துஜா தானாக, வரேன்க்கா என்றபோது அவள் தலையை நிமிர்த்தாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் மந்தம்போல என்று நினைத்துக்கொண்டு போனாளே, போனாளே பாவி.

போன் அடித்தது. அடித்த அடியில் பிரஷ் விழப் பார்த்தது. அம்மா. அரக்கோணத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டே பேசுகிறாள், மிஷின் சத்தம் கூடவே வருகிறது. "சாப்டியா?" "ம்." "என்னடி இப்படிக் காத்தடிக்குது?" "ஃபேன்மா." இருபத்தோரு அடி உயரத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எந்த மகள் சொல்வாள்? ஏதோ ஒரு ஹாலில் ஏசி போட்டுக்கொண்டு வரைகிறாள் என்பது அம்மாவின் எண்ணம். "டிராயிங் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட இன்னைக்குத்தான் கடைசி நாள், அஞ்சு மணி வரைக்கும்தானாம், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. நீ ஒண்ணும் பண்ண வேணாம், சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, அவரே எல்லாம் பூர்த்தி பண்ணி அனுப்பிடுவாரு." மிஷின் நின்றது. அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு வரைய வராதுன்னு நான் சொல்லல இந்து. தனியா நின்னு அல்லாடுறியேன்னுதான்." சரி என்று ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம், கரும்பலகை, நாற்பது பிள்ளைகள், ஆப்பிள் வரை, குடை வரை, எதுவும் கைக்கு எட்டாத உயரத்தில் இல்லை. தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழித்துக்கொள்ளலாம். "அப்புறம் சொல்றேன்மா" என்றாள். "அஞ்சு மணிம்மா" என்றாள் அம்மா.

மணி பன்னிரண்டரை. புள்ளியை வைத்துவிட்டால் என்ன? நிறைய நேரம் அதைத்தான் யோசித்தாள், யோசித்தாள் என்பதைவிட அது அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பத்ரி படம் எடுக்கிறபோது கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கச் சொல்லலாம், சாய்வாக எடுத்தால் தெரியாது. தெரிந்தால் அது அப்படித்தான், வேண்டுமென்றே வரைந்தது, ஒரு கண்ணில் வாழ்க்கையின் பாரம் என்று என்னவாவது சொல்லலாம், அதற்கும் தலையாட்ட ஆள் இருக்கிறார்கள், அழகாகப் பேசினால் போதும். ஒரு அடிதானே. முப்பதடி முகத்தில் ஒரு அடி எம்மாத்திரம்? சாதாரண முகத்தில் என்றால் எவ்வளவு? இந்துஜா தன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அரை விரல் அகலம்கூட இல்லை, ஆனால் ஒருத்தருக்கு அரை விரல் அகலம் கண் இறங்கியிருந்தால் தெருவே திரும்பிப் பார்க்குமே. போனில் ரூபன் பெயரைத் தேடி எடுத்தாள். வந்து ஒரு தடவை பாருங்க என்று சொன்னால் வருவான், நிச்சயம் வருவான், சந்தோஷமாக வருவான், கீழே நின்று சிரிப்பான், அதன்பிறகு அவள் எந்தச் சுவரில் ஏறினாலும் அந்தச் சிரிப்பின்மேல்தான் ஏற வேண்டும். பெயரைத் தொடவில்லை. பிரஷில் வெள்ளை காய்ந்து தோல் கட்டத் தொடங்கியிருந்தது. எங்கேயோ லாரி ஒன்று பின்னால் போகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், மீன் வாடை, வெயில். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. இப்படியே இங்கேயே இருந்துவிட முடிந்தால், எண்ணாமல், இறங்காமல், ஐந்து மணியே வராமல்.

எப்படி இறங்கத் தொடங்கினாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றுக்கு வந்திருந்தது, அதுதான் உண்மை, பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி ஏணியில் மாட்டி, பலகைக்குக் கீழே காலால் துழாவி, முதல் படியில் நின்றபோது அவள் மூக்குக்கு நேரே சுவரில் ஒரு கோடு. இந்தக் கண் உட்கார்ந்திருக்கிற கோடு. கை தானாகப் போய் அதைத் தொட்டது. ஒன்று. அடுத்த கோடு, இரண்டு. எண்ணாதே என்றது ஒரு மனசு, இருபத்தேழு வந்துவிடும் பாரேன் என்றது இன்னொன்று. கன்னம் முழுக்க எண்ணிக்கொண்டே இறங்கினாள், ஐந்து, ஆறு, ஏழு, விரலில் தனபாக்கியத்தின் கன்னத்து நிறம் சொரசொரவென்று பட்டது, எட்டில் மூக்கின் நுனி, பன்னிரண்டில் உதடு. இருபத்தேழு வந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று எந்தச் சாமிக்கோ வேண்டிக்கொண்டாள், அவசரத்தில் சாமி பெயர்கூட வரவில்லை. ஒரு இடத்தில் கோடு நிறத்துக்குள் மறைந்து போயிருந்தது, அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா, இரண்டாக எண்ணிவிட ஆசையாக இருந்தது, ஜாண் போட்டுப் பார்த்து ஒன்றாகத்தான் எண்ணினாள். இருபது. கழுத்து. இருபத்து மூன்று, இருபத்து நாலு. கீழே சுவரோரத்தில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளின் பெல் தெரிந்தது. இருபத்தைந்து. இருபத்தாறு. இன்னொரு கோட்டைத் தேடிக் கை கீழே போனது, மண்ணைத் தொட்டது. உட்கார்ந்த வாக்கில் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள். ரூபன் எங்கேயும் இல்லை, அவன் பாட்டுக்கு எந்த ஊரிலோ எந்தச் சுவரிலோ இருப்பான், ஆனாலும் பாக்கலாம் என்று சொன்னது நன்றாகக் கேட்டது.

கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து, முகத்தைக் கழுவி, சுவருக்கு முதுகைக் காட்டியபடியே தெருவைக் கடந்தாள். தனபாக்கியம் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இன்னா கண்ணு, எறங்கிட்ட? முடிஞ்சிச்சா?" என்றாள், நிமிராமல். "அக்கா, ஒண்ணு கேக்கணும்." "கேளு." "அந்த ரெண்டு கண்ணும் நேரா இருக்கா?" கத்தி நின்றது. தனபாக்கியம் சுவரை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் கையில் இருந்த மீனைப் பார்த்தாள். "நேத்து சாயந்தரமே பாத்தேன். ஒண்ணு கீழ எறங்கிகீது." "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" "நான் இன்னாத்த சொல்றது? நீ படிச்ச பொண்ணு, கோடு கிழிச்சி அளவெடுத்துத்தானே வரையற. என் மூஞ்சி அப்டித்தான் கீதுபோலன்னு நெனச்சிக்கினேன்." செதில் ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். "ஊட்டுக்குப் போயி கண்ணாடில பாத்தேன். இந்தக் கண்ண மூடிப் பாத்தேன், அந்தக் கண்ண மூடிப் பாத்தேன். எம் பொண்ண எழுப்பி, எனக்கு ஒரு கண்ணு எறங்கிகீதாடின்னு கேட்டேன், அவ தூக்கக் கலக்கத்துல ஆமாம்மா, தூங்குன்னா. அம்பது வயசாச்சு, இத்தினி நாளா ஒருத்தரும் நம்மகிட்ட சொல்லலியே, கட்டிக்கினவன்கூட சொல்லாமலே போய்ச் சேந்துட்டானேன்னு ஒரு மாதிரியா இருந்திச்சி. அதுனால இன்னா, அப்டியே உடு. இனிமே யாரு பொண்ணு பாக்க வரப்போறாங்க எனக்கு." சிரித்தாள். சிரித்தபோது அவளுக்கே தெரியாமல் விரல் போய் ஒரு கண்ணின் கீழிமையைத் தொட்டுத் தடவி மேலே ஒதுக்கியது.

அப்போதுதான் இந்துஜா திரும்பிப் பார்த்தாள். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முகம் நின்றது. உதடு நன்றாக வந்திருந்தது, ஐயோ, எவ்வளவு நன்றாக வந்திருந்தது, மூக்குக்கூட. ஒரு கண் அவளை நேராகப் பார்த்தது. இன்னொரு கண் கன்னத்தின் பக்கமாக வழுக்கிவிட்டிருந்தது, அதில் புள்ளியும் இல்லை. காலையிலிருந்து எனக்கு என்ன ஆகும், என் பெயர் என்ன ஆகும் என்றுதானே செத்துச் செத்துப் பிழைத்தாள். நேற்று ராத்திரி ஒருத்தி தன் வீட்டுக் கண்ணாடிமுன் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசியது. "அக்கா, உங்க கண்ணு ரெண்டும் நேராத்தான் இருக்கு. நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்" என்றாள். தெருவில் நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னாள், குரல்தான் உடைந்தது. அங்கேயே நின்று பத்ரிக்குப் போன் போட்டாள். "சார், இன்னைக்கு வர வேணாம். ஒரு கண்ணை ஒரு அடி கீழ வெச்சிட்டேன். அழிச்சிட்டுத் திரும்ப வரையணும்." "ஒரு அடியா?" என்றார் பத்ரி. "சரி, நான் மத்தவங்ககிட்ட பேசிட்டுச் சொல்றேன்." என்ன பேசுவார், என்ன சொல்வார்? சுவரே கைவிட்டுப் போனாலும் போகலாம். மறுபடி அம்மாவின் போன் வந்தது, எடுக்கவில்லை.

வெள்ளைப் பெயிண்ட் வாளியையும் ரோலரையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பயம் குறைந்ததா என்று கேட்காதீர்கள். பலகையில் கால் வைத்ததும் கொக்கியை மாட்ட மூன்று தடவை ஆயிற்று. இரண்டு நாள் வேலை. இமை மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்திருந்தாள். ரோலரை நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கருமணியின் நடுவிலேயே வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கீழே ஆட்டோக்காரர்கள் ஏய் ஏய் என்று கத்தினார்கள், யாரோ, அந்தப் பொண்ணுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா என்றார்கள். இழுத்தாள், இழுத்தாள், கண் இருந்த இடம் ஈரமாக, வெறுமையாக ஆகிற வரைக்கும் இழுத்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். கோட்டை எண்ணினால் போதும்தான், ஒரு கோடு மேலே, அவ்வளவுதான் கணக்கு. இருந்தாலும் காலையிலிருந்து முதல் தடவையாகக் குனிந்து தெருவைப் பார்த்தாள். தலை சுற்றியது, குழாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அக்கா" என்று கத்தினாள். "அங்கேர்ந்து பாத்துச் சொல்லுங்கக்கா." தனபாக்கியம் கத்தியை வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தபடி எழுந்து நடுத்தெருவுக்கு வந்தாள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, இருய்யா, அவசரமா என்று அதைத் திட்டினாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். இந்துஜா சாக்பீஸைச் சுவரில் வைத்து மெதுவாக நகர்த்தினாள்.

"மேல" என்றாள் தனபாக்கியம். "இன்னும் மேல. இன்னும் கொஞ்சம். அங்க! அங்கதான் என் கண்ணு கீது!"

இந்துஜா அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தாள்.